மிஸஸ் பிர்னி என்று ஒருத்தி இல்லை

ஐனா டோர்வர்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். முப்பத்தைந்து வருடம் அவளோடு ஒரே ஆலையில் நின்றவள் நான், எனக்குத் தெரியும். இயந்திர இரைச்சலில் நாங்கள் எல்லோரும் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள். அவள் மட்டும் கோபம் வந்த நாட்களில் உதட்டை அசைப்பாள், சத்தம் வெளியே வராது. அன்றைக்கு அவள் பக்கம் யாரும் போகமாட்டோம்.

எங்கள் ஊரில் ஆண்களுக்குக் கடல், பெண்களுக்கு கில்ருத் மாவு ஆலை. மான்ட்ரோஸ் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஐனா பதினைந்து வயதில் ஆலைக்கு வந்தாள். நான் அவளுக்கு மூன்று வருடம் கழித்து வந்தேன். மாவுப் பைகள் வரிசையாக வரும் பெல்ட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த இடம். பையின் வாயை அவள் மடிப்பாள், நான் ஒட்டுவேன். நாள் முழுக்க வேலை அவ்வளவுதான்.

இருபத்தொரு வயதில் அவள் அலெக் டோர்வர்டைக் கட்டிக்கொண்டாள். சால்மன் மீனுக்கு வலை போடுகிறவன், நல்ல உழைப்பாளி, நன்றாகப் பாடுவான். கல்யாணமாகி நாலாவது வருடம் கரையில் ஏற்றிக்கொண்டிருந்த படகு சறுக்கி அவன் இடுப்பின் மேல் விழுந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல நிற்க அவனால் முடியவில்லை. மகள் மொய்ராவுக்கு அப்போது மூன்று வயது. வீடு முழுவதும் ஐனாவின் தலையில் வந்து உட்கார்ந்தது.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட். அலெக் கடை ரொட்டியைத் தொடமாட்டான். காலையில் டீயோடு சூடாக ஸ்கோன் என்கிற உள்ளங்கையளவு உப்பின ரொட்டி ஒன்று வேண்டும், வெண்ணெய் தடவினால் அது உருகி ஓடவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவன் பிடிவாதக்காரன். வேறு எதையும் கேட்க முடியாத நிலையில் இருந்தவன் என்பதால் இதை அவள் மறுக்கவில்லை. தினமும் மாவில் கொழுப்பைப் பிசற அவளுக்கு நேரம் ஏது? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வாரத்துக்கு வேண்டிய மாவு மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். சோடா உப்பு, மாவை எழுப்புகிற டார்ட்டர் பொடி, உப்பு எல்லாம் சலித்துக் கலப்பாள். பாதி வெண்ணெய், பாதி பன்றிக் கொழுப்பு. விரல் நுனியால் மட்டும் பிசறுவாள், உள்ளங்கை படக்கூடாது, சூடு ஏறிவிடும். மணல் போல உதிர்ந்ததும் பெரிய பிஸ்கட் டப்பாவில் அடைத்து, பின்கட்டில் குளிர்ந்த கல் தட்டில் வைத்துவிடுவாள். அப்புறம் வாரம் முழுக்க இரண்டு கிண்ணம் அள்ளிப் போட்டு, ஜன்னலோரம் வைத்துப் புளித்த பாலை ஊற்றி, கத்தியால் நாலு திருப்பு திருப்பி, தட்டி, டம்ளரால் வெட்டி ஓவனில் வைத்தால் முடிந்தது. அவள் தலை வாரி முடிப்பதற்குள் ஸ்கோன் எழும்பிவிடும்.

மிச்சத்தை ஒரு துணியில் சுற்றி ஆலைக்குக் கொண்டுவருவாள். டீ இடைவேளையில் எங்கள் மேஜையில் அடிதடி நடக்காத குறை. பெல்ட்டின் கடைசியில் நிற்கும் கிறிஸ்ஸி ஒருத்தி போதும், எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் குறையும் சொல்வாள்.

அறுபத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தில் ஒருநாள் மேனேஜர் மிஸ்டர் லிடெல் டீ அறைக்குள் வந்தார். ஏதோ அறிவிப்பு ஒட்ட வந்தவர். வாசனை அவரை நிறுத்திவிட்டது.

"யாரு சுட்டது இது?"

"ஐனா தான். எடுத்துக்குங்க. இல்லன்னா கிறிஸ்ஸி உங்களுக்கு விடமாட்டா," என்றேன்.

அவர் ஒன்றைப் பிட்டுத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். "மிஸஸ் டோர்வர்ட், ஆறு மணிக்கே ஷிப்டுக்கு வந்துட்டீங்களே. இத எப்ப சுட்டீங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு. மாவு டப்பாவுல ரெடியா இருக்கும். பால ஊத்தினா போதும்."

"பால ஊத்தினா போதுமா?"

"போதும். மூணு வாரம் ஆனாலும் கெடாது, நான் பாத்துட்டேன்."

அவர் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் வீடுகளில் மாவு வாங்குவது குறைந்துகொண்டே வந்தது. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், யாரும் சுடுவதில்லை, ஆலைக்கு இனி என்ன கதி என்று மேலே பேசிக்கொள்வதாக எங்கள் காதிலும் விழுந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்த எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐனாவின் கைக்கு அவர் மயங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அவளை மேல் மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மாவைச் சோதித்துப் பார்க்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஆறு வாரம் ஐனா அதில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இடைவேளைக்குக் கீழே வந்தால் வாய் ஓயாது.

"ஒரு பிடின்னு சொன்னா அந்தக் கெமிஸ்ட் தராச எடுத்துட்டு வர்றான்டீ ரோனா. என் கைப்பிடிய அவுன்ஸுல எழுதறான்! 'மிஸஸ் டோர்வர்ட், நேத்துப் பிடிக்கும் இன்னிக்குப் பிடிக்கும் வித்தியாசம் இருக்கே'ங்கறான். நேத்து மழைடா, மாவு ஈரம் குடிச்சிருக்கும்னேன். அதையும் எழுதிக்கிட்டான்."

"புளிச்ச பாலுக்கு என்ன பண்றீங்க? பாக்கெட்டுல ஜன்னல வச்சு ஒட்டுவீங்களா?" என்று கிறிஸ்ஸி கேட்டாள்.

"மோரைப் பொடியாக்கிப் போடப் போறாங்க. வேண்டாம்னுதான் சொன்னாங்க, செலவு ஜாஸ்தியாம். நான் விடல. புளிப்பு இல்லன்னா அது ஸ்கோன் இல்ல, சுட்ட மாவுன்னேன். மிஸ்டர் லிடெல் ஒத்துக்கிட்டாரு." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள், கோபத்தில் இல்லை, வெட்கத்தில். "பாக்கெட்டு மேல என் பேரப் போட்டுடலாம் போல இருக்கேன்னாரு."

"உன் பேரா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆனா சொன்னாரு."

இதை அவள் வீட்டில் சொன்னாள். அலெக் மதுக்கடையில் சொன்னான். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அச்சடித்த பாக்கெட்டுகள் அறுபத்தாறாம் வருடம் மே மாதம் வந்தன. கட்டுக்கட்டாக எங்கள் பெல்ட்டின் பக்கத்தில் இறக்கினார்கள். கயிற்றை அறுத்தது ஐனாதான். மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தாள். கன்னம் சிவந்த, கொண்டை போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் படம். ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரித்தாள். 'மிஸஸ் பிர்னியின் ஸ்கோன் கலவை. பால் மட்டும் சேர்த்தால் போதும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில், ஆலை முதலாளிகளான கில்ருத் குடும்பத்தின் சமையலறையில் மூன்று தலைமுறையாகப் போற்றி வந்த பக்குவம் என்று ஒரு பத்தி.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றாமலே மேலே போனாள். நானும் கூடவே போனேன், அவள் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"யாரு இந்த மிஸஸ் பிர்னி?" என்று கேட்டாள்.

மிஸ்டர் லிடெல் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனுஷன்தான். "அப்படி யாரும் இல்ல மிஸஸ் டோர்வர்ட். அது சும்மா ஒரு பேரு. விளம்பரம் போடற கம்பெனிக்காரங்க லண்டன்ல உக்காந்து முடிவு பண்ணது. டோர்வர்ட்ங்கறது வாயில நிக்கலையாம்."

"பதினஞ்சு வருஷமா எனக்குச் சம்பளக் கவருல அந்தப் பேருதானே எழுதறீங்க. அப்ப நிக்குதா?"

அவள் கல்யாணமாகிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் அதைத் திருத்துகிற நேரமில்லை அது.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க உதவிய ஆலை மறக்கல. தொழிலாளிங்க யோசனைப் பெட்டித் திட்டத்துல இந்த வருஷம் முதல் பரிசு உங்களுக்குத்தான்."

முதல் பரிசு ஒரு டீ செட். ஆலையின் படம் போட்ட ஆறு கோப்பை, ஆறு தட்டு. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். அந்தக் காகிதத்தில் சின்ன எழுத்தில் என்னவெல்லாம் இருந்தது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மதுக்கடையில் அலெக் படாத பாடு பட்டான். "என்னப்பா அலெக், உன் பொண்டாட்டி வேற யாரையோ கட்டிக்கிட்டாளாமே? மிஸ்டர் பிர்னி சௌக்கியமா?" என்று கேட்டார்கள். ஒரு வருடம் அவன் மதுக்கடைப் பக்கமே போகவில்லை. ஊன்றுகோலோடு கடற்கரையில் நடந்துவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

அவள் என்ன செய்தாள்? மறுநாள் ஆறு மணிக்கு வந்து பெல்ட்டில் நின்றாள். மாவுப் பைகளுக்குப் பதில் இப்போது மிஸஸ் பிர்னி வந்தாள். நிமிடத்துக்கு இருபது. கன்னம் சிவந்து சிரித்துக்கொண்டே வருவாள். ஐனா அவள் தலையை மடிப்பாள், நான் ஒட்டுவேன். வேலையை விட்டுவிடலாமே என்று யாரும் கேட்கவில்லை. அலெக்கைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

கிறிஸ்ஸி மட்டும் தினமும், "குட் மார்னிங் மிஸஸ் பிர்னி!" என்பாள். முதலில் ஐனாவும் சிரித்தாள். ஒருநாள் கிறிஸ்ஸி சொன்னபோது அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கிறிஸ்ஸிக்கு என்ன கேட்டதோ, அதற்குப் பிறகு சொல்லவில்லை.

கலவை பிரமாதமாக விற்றது. ஆலைக்கு இரண்டாவது பெல்ட் போட்டார்கள். ஊரில் சுடத் தெரியாதவர்கள் எல்லோரும் சுட ஆரம்பித்தார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஐனாவின் ஸ்கோன். போதகர் வீட்டில், பள்ளிக்கூட விழாவில், பஸ் நிலையத்து டீக்கடையில். எல்லாரும் தங்கள் கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவளுக்கு ஒன்று மிச்சமிருந்தது. ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊர்ப் பூக்கண்காட்சி. பூவோடு ஜாம், கேக், ஸ்கோன் எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. ஸ்கோனுக்கு முதல் பரிசு எப்போதும் ஐனாவுக்கு. கலவை வந்த பிறகும் அவளுக்குத்தான், ஏனென்றால் அவளுடையதில் உயிருள்ள புளிப்பு இருக்கும், பொடியில் அது பாதிதான். நீல அட்டையை வாங்கி அடுப்பு மேல் சாய்த்து வைப்பாள். அடுத்த ஆகஸ்ட் வரை அது அங்கேயே இருக்கும்.

எழுபத்து மூன்றாம் வருடம் விதிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள். கடையில் வாங்கிய கலவையில் செய்தது தெரிந்தால் விலக்கப்படும் என்று. நியாயமான விதிதான். முந்தின வருடம் பாதிப் பேர் பாக்கெட்டில் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கமான நடுவருக்கு உடம்பு சரியில்லை என்பதால் டண்டீயிலிருந்து மிஸ் ராட்ரே என்ற ஒருவரை வரவழைத்தார்கள். மனையியல் கற்றுக்கொடுத்தவர். ஒல்லியாக, நேராக, கையில் ஒரு சின்ன வெள்ளிக் கத்தியோடு வந்தார்.

மதியம் இரண்டு மணிக்குக் கூடாரத்தைத் திறந்துவிட்டார்கள். ஐனா எனக்கு முன்னால் நடந்தாள். நல்ல தொப்பி போட்டிருந்தாள். மொய்ராவும் கூட இருந்தாள், பதினைந்து வயது. ஐனாவின் தட்டில் நீல அட்டை இல்லை. இரண்டாம் பரிசின் சிவப்பு இல்லை, மூன்றாம் பரிசின் மஞ்சளும் இல்லை. நடுவரின் கையெழுத்தில் ஒரு வெள்ளை அட்டை: 'பாக்கெட் கலவை. விலக்கப்பட்டது.'

கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் படித்துவிட்டார்கள்.

"இது பாக்கெட் இல்லீங்க," என்றாள் ஐனா.

மிஸ் ராட்ரே பொறுமையாகத் திரும்பினார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் அம்மா. மிஸஸ் பிர்னியோட கலவை எனக்கு நல்லாத் தெரியும். அதே உதிரல், அதே உப்பு. வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் சரிபாதி போடறது வேற யாரும் இல்ல. பாலுக்குப் பதிலா மோர் ஊத்தியிருக்கீங்க, அது கெட்டிக்காரத்தனம். ஆனா பாக்கெட் பாக்கெட்தான்."

"அது என்னோடது."

"தட்டு உங்களோடதுதான், யாரு இல்லன்னு சொன்னாங்க?"

யாரோ சிரித்தார்கள். நடுவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவர் நாக்கு தப்பே செய்யவில்லை, அதுதான் கொடுமை.

ஐனா சுற்றிலும் பார்த்தாள். கோப்பைகள் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் மிஸ்டர் லிடெல் நின்றிருந்தார். பரிசு கொடுப்பது வருடாவருடம் அவர்தான். அவள் அவரையே பார்த்தாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தில் கில்ருத் குடும்பத்தின் மூன்று தலைமுறை இருந்ததே.

"நடுவர் தீர்ப்புதான் இறுதி மிஸஸ் டோர்வர்ட். அதுல நாங்க யாரும் தலையிட முடியாது," என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். ஊருக்கு அது கேள்விப்பட்ட கதை. ஆறு வாரம் அவள் வெள்ளைக் கோட்டில் நின்றதும், மேல் மாடியில் நடந்த பேச்சும், எல்லாம் நேரில் அறிந்த சாட்சி நான்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். மிஸ்டர் லிடெல் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். பெல்ட்டில் நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் சுருண்டிருந்த காலம் அது. இனி நாற்காலி உண்டு. நான் கூடாரத்தின் கூரையைப் பார்த்தேன். அங்கே கட்டியிருந்த காகிதக் கொடிகளை எண்ணுகிறவள் போலப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐனா தட்டை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து ஸ்கோன்களைக் குதிரைகள் கட்டியிருந்த இடத்தில் கொட்டினாள். மொய்ரா அழுதாள், "அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா, வாம்மா," என்று கையைப் பிடித்து இழுத்தாள். பாவம், அந்தப் பெண்ணுக்கும் அம்மா ஏமாற்றித்தான் விட்டாளோ என்ற சந்தேகம் அன்று வந்தது. பல வருடம் கழித்து அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் நான் ஐனாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "ஐனா..." என்றேன்.

"சொல்லுங்க மிஸஸ் ஸ்பிங்க்," என்றாள்.

அத்தனை வருடம் ரோனா என்றும், வாடி போடி என்றும் கூப்பிட்டவள். என் கணவரின் பேரால் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் வேறு விதமாகக் கூப்பிடவே இல்லை. பதினைந்து வருடம் என் கீழே வேலை செய்தாள். ஒருநாள் தாமதமில்லை, ஒரு பை கிழிந்ததில்லை. "சரிங்க மிஸஸ் ஸ்பிங்க்." "ஆச்சுங்க மிஸஸ் ஸ்பிங்க்." துணியில் சுற்றிய எதையும் அவள் ஆலைக்குக் கொண்டுவரவில்லை. கண்காட்சிக்கும் போகவில்லை. வீட்டில் அலெக்குக்கு மட்டும் சுட்டாள்.

எண்பத்தெட்டில் ஆலையை மூடினார்கள். கலவையின் பேரையும் படத்தையும் இங்கிலாந்தில் ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, மிஸஸ் பிர்னிக்கு இருபத்தைந்து வயது என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அப்போது ஐனா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாளாம். மொய்ரா பிறகு சொன்னாள். நாலு பக்கம், எல்லாவற்றையும் எழுதினாள், பணம் எதுவும் கேட்கவில்லை, உண்மையை ஒரு வரி போடுங்கள் என்று மட்டும் கேட்டாள். பதில் வந்தது. 'எங்கள் தயாரிப்பின் மீது நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி' என்று. கூடவே இரண்டு பாக்கெட் இலவசமாக வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு. அலெக் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தானாம், சிரிப்பு இருமலாக மாறும் வரை. அதற்கு மூன்றாவது வருடம் அவன் போய்விட்டான்.

நான் அவள் வீட்டுக்குள் மறுபடி கால் வைத்தது இரண்டாயிரத்து மூன்றில். என் கணவரும் அதற்குள் இறந்திருந்தார். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ஐனா உட்கார்ந்திருந்தாள். அவள் கைகளைப் பார்த்தேன். முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கடைப் பையை மணிக்கட்டில் மாட்டியிருந்தாள், விரலால் பிடிக்க முடியவில்லை.

"குடு ஐனா, நான் தூக்கிட்டு வர்றேன்."

மறுப்பாள் என்று நினைத்தேன். பையை நீட்டினாள். வழியில் பைக்குள் எட்டிப் பார்த்தேன். பால், வெண்ணெய், மிஸஸ் பிர்னி.

சமையலறையில் நான் பையை இறக்கி வைத்தேன். அவள், "உக்காருங்க," என்றாள். பாக்கெட்டை மேஜை விளிம்பில் வைத்து, கத்தரிக்கோலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து வெட்டினாள். நான் உதவிக்கு எழுந்ததும், "உக்காருங்கன்னு சொன்னேன்," என்றாள். குரல் தாழ்ந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மாவைக் கிண்ணத்தில் கொட்டினாள். பாலை ஊற்றினாள். கரண்டியை முஷ்டியால் பற்றிக் கிண்டினாள். தட்டி, வெட்டி, தட்டில் அடுக்கி ஓவனில் வைத்தாள். வெந்ததும் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"உன்னுது மாதிரியேதான் இருக்கு."

"பொய். நாக்கு செத்துப்போச்சா உங்களுக்கு? மோர்ப் பொடிய எடுத்துட்டாங்க. வெண்ணெய் இல்ல, கொழுப்பு இல்ல, ஏதோ எண்ணெய். சக்கரைய அள்ளிப் போட்டிருக்கான். பாக்கெட்டுப் பின்னாடி படிச்சுப் பாருங்க." அவள் தன்னுடையதைப் பிட்டு, உதிர்ந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திருடினதத் திருடின மாதிரியாவது வச்சிருக்கக் கூடாதா?"

முப்பது வருடம் நெஞ்சில் சுமந்ததை நான் அப்போது எடுத்தேன். "ஐனா, அன்னிக்குக் கூடாரத்துல நான் பேசியிருக்கணும்."

"ஆமா. பேசியிருக்கணும்."

"பயந்துட்டேன். சூப்பர்வைசர் வேலை அப்பத்தான்..."

"தெரியும். கொடியப் பாத்துக்கிட்டு நின்னீங்க. கூரையில ஒரு ஓட்டையும் இல்ல. நானும் அண்ணாந்து பாத்தேன், அப்படி என்னத்தத்தான் பாக்கறாங்கன்னு."

"கண்காட்சிக் கமிட்டிக்கு இப்ப எழுதட்டுமா? பேப்பருக்கு? நான் சாட்சி சொல்றேன்."

"யாருக்கு? லிடெல் செத்தாச்சு. அந்த நடுவர் பொம்பளை செத்தாச்சு. கூடாரத்துல சிரிச்சவங்க பாதிப் பேர் செத்தாச்சு. நீங்க சாட்சி சொன்னா உங்க மனசு ஆறும். எனக்கு?"

டீயை ஊற்றிக் கொடுத்தது நான்தான், அதற்கு மட்டும் விட்டாள். பிறகு, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உள்ளதைவிட மோசமான ஒன்றைக் கேட்டேன்.

"அந்த அளவெல்லாம் யாருக்காவது சொல்லி வச்சிருக்கியா? மொய்ராவுக்கு? என்கிட்டச் சொல்லு, நான் எழுதி வைக்கறேன். உன் பேரு போட்டு. இல்லன்னா அப்படியே போயிடுமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "ஒருத்தர் கேட்டாருன்னு ஒரு தடவை சொன்னேன் மிஸஸ் ஸ்பிங்க். போதும்."

"மொய்ராவுக்காவது..."

"அவளும் கேட்டா. அவளுக்கும் இதான் பதில். அபர்டீன்ல பிள்ளைங்களுக்கு இத சுட்டுக் குடுத்துட்டு, 'அம்மா, உன்னுது மாதிரியே வருதும்மா'ங்கறா போன்ல. மாதிரியே இருக்கட்டுமே."

மூன்று ஸ்கோன் மிச்சமிருந்தது. ஒன்றைக் கொண்டு போங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு வழியில் பார்த்தால் தலையசைப்பாள். வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில் ஐனா இறந்தாள். நெஞ்சுச் சளி, நாலு நாள். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லாருக்கும் டீ ஏற்பாடு செய்திருந்தார்கள். மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ஸ்டேக் பை இருந்தது, ஹாம் சாண்ட்விச் இருந்தது, கடைக் கேக் இருந்தது. புதுப் போதகர் மேஜையைச் சுற்றி வந்து, இந்த ஊரில் இப்படி ஒரு கூட்டத்தில் ஸ்கோன் இல்லாமல் நான் பார்த்ததே இல்லையே என்றார். கூடத்துப் பெண்களுக்கு அவமானமாகிவிட்டது. அவர்களில் ஒருத்தி, நாங்கள் கொண்டுவருகிறோம் என்றுதான் சொன்னோம், மகள்தான் வேண்டாம் என்றுவிட்டாள் என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

நான் மொய்ராவிடம் போனேன். நாற்பத்தேழு வயதாகியிருந்தது அவளுக்கு. அலெக்கின் தாடை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஐனா எழுதியதுதான், பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதியது, எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எந்தப் பாட்டு, எந்த உடுப்பு, யாருக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்று வரிசையாக இருந்தது. என் பேர் அதில் இல்லை. கடைசி வரி டீயைப் பற்றியது. 'சூடாக ஏதாவது கொடு, குளிராக இருக்கும். ஸ்கோன் கூடாது. யாருடையதும்.'

"எனக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஏன் இப்படி எழுதினாங்க?" என்று மொய்ரா கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா மிஸஸ் ஸ்பிங்க்?"

நான் அவளைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீ அறையில் மிஸ்டர் லிடெல் வந்து நின்றதிலிருந்து, நான் கூரையைப் பார்த்து நின்றது வரை. அவள் கடைசி வரை கேட்டாள். அப்போதுதான் கண்காட்சி நாளில் தன் அம்மாவையே சந்தேகப்பட்டதை அவள் என்னிடம் சொன்னாள். அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொன்னாள். பிறகு எழுந்து, போதகரிடம் நன்றி சொல்லப் போய்விட்டாள். என்னிடம் விடைபெறவில்லை. சாண்ட்விச் நிறைய மிஞ்சியது. கூடத்துப் பெண்கள் அதைப் பொட்டலம் கட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது.